பதின்மூன்று பேரில் ஏழு பேர்: லெம்பா மக்களின் தந்தைவழி மரபணுச் சோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்திலும் ஜிம்பாப்வேயின் தென்பகுதியிலும் வாழும் லெம்பா மக்கள், தங்கள் மூதாதையர் கடல் கடந்து வந்த யூத ஆண்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 1990களில் இந்தக் கூற்று ஆய்வகத்துக்குப் போனது. 1996, 2000, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று முக்கிய ஆய்வுகள் அதை ஒய் குரோமோசோமின் துணைகொண்டு சோதித்தன. முதலாவது ஆய்வு நிதானமாகப் பேசியது, இரண்டாவது உலகச் செய்தி ஆனது, மூன்றாவது அந்தச் செய்தியை ஆதரிக்க மறுத்தது. மூன்றின் அளவீடுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரிய முரண் தெரியவில்லை. அவற்றுக்குக் கொடுத்த பொருள்தான் மாறிக்கொண்டே வந்தது. எப்படி மாறியது என்பதைப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரையின் வேலை. குருதியும் மாதிரியும் கொடுத்தவர்கள் தனிமனிதர்கள். அவர்கள் பெயர் இங்கே வராது.

பின்னணி

லெம்பா மக்கள் பேசுவது வெண்டா, ஷோனா போன்ற பாண்டு மொழிகள். தோற்றத்தில் அண்டை மக்களிடமிருந்து அவர்களைப் பிரித்தறிய முடியாது. பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், சிலர் முஸ்லிம்கள். ஆனால் பழக்கவழக்கங்கள் வேறு. ஆண்களுக்கு விருத்தசேதனம் உண்டு. பன்றி இறைச்சி விலக்கு. விலங்கை முறைப்படி அறுத்துக் குருதியை வடித்த பிறகே உண்பார்கள். பிற குழுவினரோடு திருமணத்தைத் தவிர்ப்பார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் சடங்குகளைக் கற்று உள்ளே வரலாம். ஆணுக்கு அது மிகக் கடினம். இந்த ஒரு விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் மரபணு முடிவுகளில் பாதியை இதுவே விளக்கிவிடும்.

வாய்மொழி மரபின்படி அவர்கள் ‘சேனா’ என்ற ஊரிலிருந்து கிளம்பினார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த பதில் இல்லை. ஏமனின் சனா என்பார் சிலர். யூதேயா, எகிப்து, எத்தியோப்பியா என்பார் வேறு சிலர். சமூகம் குலங்களாகப் பிரிந்திருக்கிறது. குலம் தந்தைவழியில் மட்டுமே செல்லும். அவற்றுள் புபா என்ற குலம், மக்களை வழிநடத்தி வந்த மூத்த குலமாக மதிக்கப்படுகிறது.

யூத மூலம் பற்றிய பேச்சு மரபணு ஆய்வாளர்கள் வருவதற்கு மிக முந்தியது. இனவொதுக்கல் காலத்துத் தென்னாப்பிரிக்கா மக்களை இனக்குழு வாரியாகப் பிரித்துத் தனித்தனி ‘தாயகங்களில்’ அடைத்தபோது, லெம்பா மக்களுக்கென்று ஒரு தனிப் பெட்டி இல்லை. அண்டை மக்களான வெண்டா, பேடி ஆகியோரின் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். தாங்கள் தனி மக்கள் என்று சமூகத் தலைவர்கள் நெடுங்காலம் வாதாடி வந்தார்கள். ஆய்வாளர்கள் வந்தபோது அவர்கள் ஒத்துழைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். விஞ்ஞானிகள் கேட்ட கேள்வியும் சமூகத்தினர் கேட்ட கேள்வியும் ஒன்றல்ல.

முதல் முடிவு: 1996

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. ஏறக்குறைய 6 கோடி எழுத்துகள் நீளமுள்ள அதன் பெரும்பகுதி, மற்ற குரோமோசோம்களைப் போலத் தலைமுறைதோறும் கலைத்து அடுக்கப்படுவதில்லை. அவ்வப்போது நேரும் சிறு பிழைகள் மட்டும் அப்படியே தங்கி, அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஆகவே பங்காளிகள் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே ஒய் குரோமோசோம் இருக்கும்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஸ்பர்டில், ஜென்கின்ஸ் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் மத்திய கிழக்கு மக்களிடம் அதிகம் காணப்படும் சில குறிகளைத் தேடினார்கள். லெம்பா ஆண்களின் ஒய் குரோமோசோம்களில் குறைந்தது பாதி செமிட்டிய (யூதர், அரேபியர் போன்ற மத்திய கிழக்கு மக்களின்) மூலம் கொண்டவை, சுமார் 40 சதவீதம் ஆப்பிரிக்க மூலம் கொண்டவை, மீதியைத் தீர்மானிக்க இயலவில்லை என்பது அவர்கள் முடிவு. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தபோது லெம்பா மக்கள் அண்டை ஆப்பிரிக்க மக்களைப் போலவே இருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த ஆண்கள், உள்ளூர்ப் பெண்கள் என்ற சித்திரம் இங்கேயே முழுமையாகிவிட்டது. வந்த ஆண்கள் யூதர்களா அரேபியர்களா என்பதைச் சொல்லும் கூர்மை அந்தக் குறிகளுக்கு இல்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. செமிட்டியர் என்ற சொல்லோடு நின்றார்கள்.

கருவி: 1997, 1998

இதற்கிடையே வேறொரு கேள்வியைத் தொடர்ந்து புதிய கருவி ஒன்று பிறந்தது. யூதச் சட்டத்தில் ஒருவர் யூதரா என்பது தாய்வழியே முடிவாகும். கோஹன் என்னும் ஆசாரியத் தகுதி மட்டும் தந்தைவழியில் வரும்; மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வாரிசுகளே கோஹன்கள் என்பது மரபு. மரபு உண்மையானால், உலகெங்கும் சிதறிய கோஹன்களின் ஒய் குரோமோசோம்கள் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். கார்ல் ஸ்கோரெக்கி என்ற மருத்துவரின் குழு 1997இல் ‘நேச்சர்’ இதழில் முதல் ஆதாரத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு 306 யூத ஆண்களைக் கொண்டு செய்த விரிவான ஆய்வு வந்தது.

அதில் ஆறு இடங்களில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணினார்கள். 14, 16, 23, 10, 11, 12 என்ற எண் வரிசை, அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி) கோஹன்களில் சுமார் 45 சதவீதத்தினரிடமும் செஃபார்டி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி) கோஹன்களில் சுமார் 56 சதவீதத்தினரிடமும் இருந்தது. சாதாரண யூதர்களிடம் அது 10 முதல் 13 சதவீதம். இதற்குக் கோஹன் மாதிரி வடிவம் என்று பெயரிட்டார்கள். இவ்வரிசையைக் கொண்டவர்களின் பொது மூதாதை ஏறத்தாழ 106 தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்தவர். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,650 ஆண்டுகள், 30 ஆண்டு என்றால் 3,180 ஆண்டுகள்.

அழகான கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆய்வு பதிலளித்தது, கோஹன் என்று சொல்லிக்கொள்பவர்களுக்குள் பொது மூதாதை உண்டா என்ற கேள்விக்கு. எண் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை உடையவர் யூத வழியினரா என்று கேட்பது அதைத் தலைகீழாகத் திருப்புவது. அந்தத் திருப்பத்துக்குத் தனியாக ஆதாரம் வேண்டும். லெம்பா விவகாரத்தில் நடந்தது அந்தத் திருப்பமே.

இரண்டாம் முடிவு: 2000

லண்டனிலிருந்து இயங்கிய குழு ஒன்று, லெம்பா மரபுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருந்த டியூடர் பார்ஃபிட்டோடு சேர்ந்து புதிய மாதிரிகளைத் திரட்டியது. அவர் ஏமனின் ஹத்ரமவுத் பகுதியில் சேனா என்ற பெயருடைய ஊர் ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். எனவே ஹத்ரமவுத் மக்கள், அந்தச் சேனா ஊரார், பாண்டு மக்கள், அஷ்கெனாசி யூதர், செஃபார்டி யூதர் ஆகியோரோடு லெம்பா ஆண்களை ஒப்பிட முடிவு செய்தார்கள். மொத்தம் 399 ஒய் குரோமோசோம்கள், அவற்றுள் 136 லெம்பா ஆண்களுடையவை. மாதிரிகளைக் குலவாரியாகப் பிரித்துப் பதிந்தது இந்த ஆய்வின் ஆகச் சிறந்த முடிவு என்பேன். குலத்தை விட்டுவிட்டு மொத்தமாகக் கணக்கிட்டிருந்தால் அடுத்து வரும் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

லெம்பா குரோமோசோம்கள் தெளிவாக இரண்டாகப் பிரிந்தன: ஒரு பகுதி செமிட்டிய வகை, மறுபகுதி பாண்டு வகை. கோஹன் வடிவம் மொத்த லெம்பா ஆண்களில் சுமார் 9 சதவீதத்தினரிடம் இருந்தது. சாதாரண யூதர்களிடம் உள்ள அளவுக்கு அருகில். மூத்த குலமான புபாவில் சோதிக்கப்பட்ட 13 பேரில் 7 பேரிடம் அது இருந்தது. கோஹன்களிடம் காணும் விகிதமே இது.

வாய்மொழி மரபில் வழிகாட்டியாக வந்த குலத்திலேயே ஆசாரியர்களின் குறி! கதையாக இதைவிடப் பொருத்தமான ஒன்றைக் கற்பனை செய்தும் எழுத முடியாது. ஆய்வுக்கட்டுரை அளவோடுதான் பேசியது. கோஹன் வடிவம் யூத மூலத்தின் அடையாளமாக இருக்கக்கூடும் என்றுதான் குறிப்பிட்டது. ஆனால் கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 1999இல், நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டுவிட்டது. தொலைக்காட்சி ஆவணப்படங்கள் தொடர்ந்தன. ‘இருக்கக்கூடும்’ என்பது போகும் வழியில் உதிர்ந்து, யூத மூலம் மரபணுவால் உறுதியாயிற்று என்றே பெரும்பாலோர் காதில் விழுந்தது.

13 பேரில் 7 பேர் என்ற எண்ணிக்கையை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். 13 என்பது சிறிய எண்ணிக்கை. உண்மை விகிதம் 30 சதவீதத்துக்கு அருகிலும் இருக்கலாம், 75ஐத் தாண்டியும் இருக்கலாம் என்று எளிய புள்ளியியல் கணக்கே சொல்லிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. குலம் தந்தைவழியில் செல்வது. புபா ஆண்கள் ஏழு பேரும் பங்காளிகள். அவர்கள் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே குரோமோசோமைப் பெற்றிருப்பார்கள் என்பது எதிர்பார்க்க வேண்டியது. ஆகவே ஏழு சாட்சிகள் கிடைத்ததாக நினைப்பது தவறு. கிடைத்தது ஒரே சாட்சி, ஏழு முறை. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா வந்த ஒருவரிடம் இந்த எண் வரிசை இருந்தது என்பதே அதன் பொருள். அந்த ஒருவர் யார்? மத்திய கிழக்கிலிருந்து வந்த யூதரல்லாத ஒருவரிடம் அதே ஆறு எண்கள் இருக்க எவ்வளவு வாய்ப்பு? எல்லாம் அந்த வாய்ப்பைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டில் அதை மதிப்பிடப் போதுமான அரபு மாதிரிகள் கையில் இல்லை. ஏமனிலிருந்து எடுத்த இரண்டு தொகுப்புகளை வைத்து முழு அரேபியாவுக்கும் பாரசீகக் கரைக்கும் பேச முடியாது.

கருவி கூர்மையானபோது: 2009

அடுத்த சில ஆண்டுகளில் ஆறு எண்களின் பலவீனம் வெளிப்பட்டது. இத்தகைய துண்டுகள் சராசரியாக ஆயிரம் பிறப்புகளுக்கு இரண்டு முறை மாறுகின்றன. தொடர்பே இல்லாத இரண்டு வழிகள் தற்செயலாக ஒரே எண்களை அடைவது ஆறு இடங்களில் அரிதல்ல. கோஹன் வடிவத்தை உடையவர்கள் ஜே1, ஜே2 என்ற இருவேறு ஹேப்லோகுழுக்களிலும் (ஒரே தொல் மூதாதையிடமிருந்து வந்த ஒய் குரோமோசோம் கிளைகள்) இருந்தார்கள்; அந்தக் குழுக்கள் பிரிந்தது ஆரோன் காலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பு. யூதரல்லாத மத்திய கிழக்கு மக்களிடமும் இதே எண் வரிசை தென்பட்டது.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. நூறு தலைமுறைக்குள் ஆறு இடங்களில் ஒன்றாவது மாறிவிட வாய்ப்பு பாதிக்கும் மேல். எனவே உண்மையான வாரிசு ஒருவரிடம் அந்த வரிசை அப்படியே இல்லாமல் போகலாம். பொருந்துவதும் நிரூபணமாகாது, பொருந்தாததும் மறுப்பாகாது. சோதனைச் சான்றிதழ் விற்கும் நிறுவனங்கள் இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

மைக்கேல் ஹேமரின் குழு 2009இல் 215 கோஹன்களைக் கொண்டு கருவியைச் சீர்செய்தது. துண்டுகளின் எண்ணிக்கையை 12ஆகக் கூட்டினார்கள். அதோடு மிக அரிதாகவே மாறும் ஒற்றை எழுத்துக் குறிகளைக் கொண்டு ஹேப்லோகுழுவையும் உறுதிசெய்தார்கள். கோஹன்களில் 46 சதவீதம் ஜே1க்குள் அடங்கும் பி58 என்ற கிளையைச் சேர்ந்தவர்கள். அந்தக் கிளைக்குள் வரும், 12 துண்டுகளாக நீட்டித்த கோஹன் வடிவம், மொத்தக் கோஹன்களில் சுமார் 30 சதவீதத்தினரிடம் இருந்தது. யூதரல்லாதவர்களிடம் ஏறத்தாழ இல்லை. அதன் வயது 3,190 ஆண்டுகள், 1,090 ஆண்டுகள் கூடவோ குறையவோ. பிழை விளிம்பின் அகலத்தைக் கவனியுங்கள். கோஹன்களுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட மூல வழிகள் இருப்பதும் இதே ஆய்வில் தெளிவானது.

மூன்றாம் முடிவு: 2013

ஹிம்லா சூட்யால் தென்னாப்பிரிக்காவில் மறு ஆய்வு செய்தார். மொத்தம் 261 ஆண்கள்: தென்னாப்பிரிக்க லெம்பாக்கள், ஜிம்பாப்வேயில் ரெம்பா எனப்படும் அவர்களின் உறவினர், பக்கத்தில் வாழும் வெண்டா மக்கள், தென்னாப்பிரிக்க யூதர்கள். பக்கத்து ஊர்க்காரரையும் யூதரையும் ஒரே ஆய்வில், ஒரே கூர்மையில் அளந்தது முக்கியமான முடிவு.

லெம்பா, ரெம்பா ஆண்களின் ஒய் குரோமோசோம்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே தோன்றியவை. இது 1996இல் சொன்னதைவிட வலுவான எண். கடல் கடந்து வந்த ஆண்களைப் பற்றிய வாய்மொழி மரபு இங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. நீட்டித்த கோஹன் வடிவத்தைத் தேடியபோதோ அது யூதர்களிடம் இருந்தது, லெம்பா பக்கம் கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து வந்த குரோமோசோம்களின் மூலத்தை ஐயமின்றிக் குறிப்பிட இயலவில்லை. யூத மரபணு வாரிசு என்ற முந்தைய கூற்றை இந்த ஆய்வு ஆதரிக்கவில்லை என்று கட்டுரை முடிந்தது. மத்திய கிழக்கு என்பது வரை நிலைத்தது. யூதர் என்ற அடுத்த படிதான் விழுந்தது.

இந்தியப் பெருங்கடல் வாணிகத்தின் வரலாறு இந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகிறது. ஜிம்பாப்வே பீடபூமியின் தங்கம் நூற்றாண்டுக்கணக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கரையிலுள்ள சோஃபாலா, கில்வா துறைகள் வழியே அரேபியாவுக்கும் பாரசீகத்துக்கும் போனது. வணிகர்கள் வந்து தங்கினார்கள், உள்ளூரில் மணம் செய்தார்கள். லெம்பா குலப் பெயர்களில் சாதிகி, ஹமிசி, பகாரி போன்றவை சுவாஹிலிக் கரையின் முஸ்லிம் பெயர்களை ஒத்திருப்பதையும் முன்பே பலர் கவனித்திருக்கிறார்கள். அந்த வணிகர்களிடையே யூதர் ஒருவர்கூட இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. மத்தியகால அரபு வணிக உலகில் யூதர்களும் இருந்தார்கள். குரோமோசோம் அந்த அளவுக்குப் பெயர் சொல்லாது என்பதே விஷயம்.

நடைமுறையில் நடந்தது

2000ஆம் ஆண்டு முடிவு வந்தபோது சமூகத்தினர் பலரின் எதிர்வினை பரபரப்பாக இல்லை. தாங்கள் அறிந்திருந்ததை வெளியுலகம் இப்போது தெரிந்துகொண்டது என்ற அளவில் எடுத்துக்கொண்டார்கள். வெளியுலகத்தின் அணுகுமுறைதான் மாறியது. அமெரிக்க யூத அமைப்புகள் தொடர்பு கொண்டன, பயணிகள் வந்தார்கள், யூத வழிபாட்டு முறைகளைக் கற்பிக்க ஆட்கள் வந்தார்கள். 2013இன் முடிவுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு விளம்பரமும் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. இன்றும் பழைய முடிவையே பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சட்ட அளவில் எதுவும் மாறவில்லை. இஸ்ரேலின் மீள்வருகைச் சட்டம், 1970 திருத்தத்துக்குப் பின், யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழ்க்கைத் துணைகள் வரை இடம் தருகிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மூதாதை ஒருவரின் குரோமோசோம் அதில் கணக்கில் வராது. மதச் சட்டமோ தாய்வழியையும் மதமாற்றத்தையும் பார்க்கிறது. யாரை ஏற்பது என்று தாய்வழியில் தீர்மானிக்கும் ஒரு சமயத்தின் வாசலில், தந்தைவழிச் சோதனை முடிவோடு ஒரு மக்கள் நிறுத்தப்பட்டார்கள். சோதனை செய்யும்போதே இதைச் சொல்லியிருந்தால் செய்தித்தாள்களின் தொனி கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இன்று செய்வதானால்

முதலாவது, ஒப்பீட்டு மாதிரிகள். யூதரா என்று கேட்கும் ஆய்வில் யூதரல்லாத மாற்று விடைகள் எல்லாம் மேசையில் இருக்க வேண்டும்: ஓமன், ஏமனின் பல பகுதிகள், பாரசீகக் கரை, சுவாஹிலி நகரங்கள். 2000இல் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வொன்று, சுவாஹிலிக் கரை நகரங்களில் ஏறத்தாழ 1250 முதல் 1800 வரை புதைக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட 80 பேரின் பழங்கால மரபணுவைப் படித்தது. கிபி 1000 அளவில் ஆசிய ஆண்களும் ஆப்பிரிக்கப் பெண்களும் கலந்தது அதில் தெரிகிறது. அந்த ஆண்களில் பெரும்பாலோர் பாரசீக மூலத்தினர், பின்னர் அரேபியர் பங்கு கூடுகிறது. லெம்பா மக்களிடம் பார்த்த ஆண்வழி, பெண்வழி வேறுபாட்டின் அதே அமைப்பு. லெம்பா குரோமோசோம்களை இவற்றோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதே அடுத்த நியாயமான சோதனை.

இரண்டாவது, ஒய் குரோமோசோமைத் தனியே வைத்துத் தீர்ப்பெழுதுவதைக் கைவிட வேண்டும். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஓர் இடத்தைத் தொடுகிறது. மும்பை, கொங்கண் பகுதியின் பெனே இஸ்ரேல் யூதர்கள் பற்றி 2016இல் வந்த ஆய்வு முழு மரபணுத் தொகுதியையும் பார்த்தது. அவர்களிடம் யூத மூலம், இந்திய மூலம் இரண்டும் கலந்திருப்பதையும், கலப்பு சுமார் 19 முதல் 33 தலைமுறைகளுக்கு முன் நடந்ததையும் அது மதிப்பிட முடிந்தது. ஆறு எண்களை வைத்து இப்படி ஒரு விடைக்கு ஒருபோதும் வந்திருக்க முடியாது.

மூன்றாவது, ஒப்புதல். மாதிரி கொடுப்பவரிடம், முடிவு எந்தக் கேள்விக்குப் பதில் தரும், எதற்குத் தராது, பின்னாளில் கருவி மாறினால் விடையும் மாறலாம் என்ற மூன்றையும் முன்கூட்டியே, அவர் மொழியில் சொல்ல வேண்டும். குலப் பெயரோடு முடிவுகளை வெளியிடுவது அறிவியலுக்கு உதவியது. ஆனால் சிறிய குலமொன்றில் குறி இல்லாத ஆறு பேரைப் பற்றிய ஊகங்களுக்கும் அது வழி திறக்கிறது. அந்த ஆறு பேரின் மூதாதை, முறைப்படி குலத்தில் சேர்க்கப்பட்ட வேறொருவராகவும் இருக்கலாம், வெறும் எண் மாற்றம் நேர்ந்தவராகவும் இருக்கலாம். எண்களை வெளியிடும் கட்டுரையே இந்த வாய்ப்புகளையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.

கடைசியாக, தன் குடும்பத்தில் கோஹன் மரபு உண்டு என்று நம்பி வணிகச் சோதனைக்குப் பணம் கட்டும் தனிநபர்களுக்கு: அறிக்கையில் எத்தனை குறிகள் பார்க்கப்பட்டன என்பதை முதலில் பாருங்கள். ஆறோ பன்னிரண்டோ மட்டும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஹேப்லோகுழுவின் நுண்கிளை வரை குறிப்பிட்டிருந்தால், அதே கிளையில் இருக்கும் மற்றவர்கள் எந்த ஊர், எந்தச் சமயத்தினர் என்று தேடுங்கள். அவர்களில் பாதிப் பேர் அரேபியர்களாக இருந்தால் அதையும் விடையின் ஒரு பகுதியாக எழுதி வையுங்கள்.